கிளாட் சட்ட நுழைவுத் தேர்வுக்கு ஆறு மாதம் இருக்கிறது, மாக்கில் (மாதிரித் தேர்வில்) 45தான் வருகிறது. கோச்சிங் இல்லாமல் முடியுமா?

லோகோ ஸ்டேஷன்

எல்லோருக்கும் வணக்கம். இங்கே நிறைய நாளாகப் படித்துவிட்டு மட்டும் போகிறவள் நான், இப்போதுதான் முதல் முறை எழுதுகிறேன், நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஜூனில் பன்னிரண்டாவது போயிருக்கிறேன். ஸ்டேட் போர்டு, காமர்ஸ், கணக்கு கிடையாது. வீடு பெரம்பூர் பக்கம். போன வருடம் வீடு மாறினபோது ஓனர் பத்து மாத அட்வான்ஸைத் திருப்பித் தராமல் இழுத்தடித்தார், பெயின்ட் அடிக்கணும் பைப் மாத்தணும் என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தார், அப்பாவே பெயின்டர் என்பதுதான் இதில் வேடிக்கை. கடைசியில் தெருவில் இருந்த ஒரு வக்கீல் அம்மா ஒரே ஒரு நோட்டீஸ் அனுப்பினார், பத்து நாளில் பணம் வந்தது. அன்றைக்கு முடிவு செய்தேன், படித்தால் சட்டம்தான் என்று.

தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் சேர எழுதுகிற இந்தக் கிளாட் பற்றி ஸ்கூலில் யாருக்கும் தெரியவில்லை. நானே தேடிப்பிடித்து ஒரு பழைய வினாத்தாளை பிரின்ட் எடுத்து, வாட்ச் வைத்து எழுதிப் பார்த்தேன். 120 கேள்வி, 120 நிமிடம். எனக்கு 79 கேள்விதான் முடிந்தது. அதில் 52 சரி, 27 தவறு. ஒரு தவறுக்குக் கால் மார்க் நெகட்டிவ், அது போக 45.25. கேள்விகளுக்கு முன்னால் வரும் பேசேஜை இரண்டு தடவை படித்தால்தான் உள்ளே போகிறது, மூன்றாவது தடவை படிக்கும்போது முதல் பாரா மறந்துவிடுகிறது. ஜிகேயில், அதாவது பொது அறிவில், 8தான் சரி. லீகல் என்கிற சட்டப் பகுதி எனக்குப் பிடித்திருந்தது, ஆனால் "இது நிச்சயம் சரி" என்று போட்டதெல்லாம் தவறாகப் போயிருக்கிறது, அதுதான் ரொம்பக் கடுப்பு.

அண்ணா நகரில் ஒரு கோச்சிங் சென்டரில் போய்க் கேட்டோம். அவர்கள் சொன்ன ஃபீஸ் அப்பாவின் நாலு மாத வருமானம். அப்பா "பார்க்கலாம்மா" என்றார், அந்தப் "பார்க்கலாம்" என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அதனால் கேட்கிறேன், வீட்டிலிருந்தே படித்து இதைத் தாண்ட முடியுமா, முடியும் என்றால் எங்கே ஆரம்பிப்பது? மார்ச்சில் பப்ளிக் எக்ஸாமும் இருக்கிறது. வேலைக்காகாது என்றாலும் நேராகச் சொல்லிவிடுங்கள்.

நவலூர் ஹாஸ்டல்

திருச்சி நவலூர்குட்டப்பட்டு தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு போகிறேன். எனக்கு ஊர் அம்பத்தூர். என் முதல் மாக் 41, அதனால் 45.25 ஒன்றும் கேவலம் இல்லை, முதலில் அதை விடு.

உன் பிரச்சினை சட்டமும் இல்லை, ஜிகேவும் இல்லை. கணக்குப் போட்டுப் பார். கணிதப் பகுதியை விட்டால் 108 கேள்வி போல வரும், பேசேஜுக்கு ஐந்து கேள்வி என்று வைத்தால் 21, 22 பேசேஜ். ஒவ்வொன்றும் 450 சொல் அளவில் இருக்கும். மொத்தம் கிட்டத்தட்ட 9,700 சொல். நிமிடத்துக்கு 150 சொல் படிக்கிறவருக்குப் படிக்க மட்டும் 65 நிமிடம் போய்விடும், மீதி 55 நிமிடத்தில் 120 கேள்விக்கும் யோசித்து வட்டமும் நிரப்பணும், ஒரு கேள்விக்கு 27 விநாடி. அதே ஆள் 220 சொல் படித்தால் படிக்க 44 நிமிடம்தான், யோசிக்க 76 நிமிடம் மிச்சம். பரீட்சையே இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. நீ இரண்டு தடவை படிக்கிறாய் என்றால் பாதி வேகத்தில் போகிறாய், 79ல் நின்றதற்கு வேறு காரணமே தேட வேண்டாம்.

அதனால் ஜூன், ஜூலை இரண்டு மாதமும் வாசிப்பு மட்டும். தினமும் இந்து பேப்பரில் தலையங்கப் பக்கத்திலிருந்து ஒரு கட்டுரை, போனில் ஸ்டாப்வாட்ச். ஒரே தடவைதான், மேலே திரும்பிப் போகக் கூடாது. முடித்ததும் பேப்பரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, இந்த ஆள் என்ன சொல்ல வருகிறார், எதை எதிர்க்கிறார் என்று இரண்டு வரி எழுது. தமிழிலேயே எழுதினாலும் பரவாயில்லை. முதல் பத்து நாள் நீ எழுதுவது அபத்தமாகத்தான் இருக்கும். தெரியாத சொல்லைப் படிக்கும்போதே டிக்ஷனரியில் தேடாதே, அடியில் கோடு போட்டுவிட்டுப் போ, கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். கிளாட் ஆங்கிலத்தில் மட்டும்தான் நடக்கிறது, தமிழில் கேட்க மாட்டார்கள், அது நியாயமா என்பது வேறு விவாதம்.

ஜிகேயை ஒரு வரி ஒரு வரியாக மனப்பாடம் செய்யாதே. அந்தப் பகுதியிலும் பேசேஜ் வரும், ஆனால் கேள்விக்கு விடை பேசேஜுக்குள் இருக்காது, அந்த விஷயத்தைச் சுற்றிக் கேட்பார்கள். நான் கிளை கிளையாகப் போவேன். இப்போது எழுதுவதாக இருந்தால் நம் ஆளுநர் வழக்கை எடுத்துக்கொள்வேன். 2025 ஏப்ரல் 8, உச்ச நீதிமன்றம், இரண்டு நீதிபதி அமர்வு. சட்டமன்றம் அனுப்பிய 10 மசோதாக்கள். ஆளுநர் ஒப்புதல் பற்றியது அரசியலமைப்பில் எந்தப் பிரிவு? 200. மசோதாவுக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டதாகவே கொள்ளலாம் என்று எந்தப் பிரிவை வைத்துச் சொன்னார்கள்? 142. அதற்கப்புறம் குடியரசுத் தலைவர் 143ன் கீழ் 14 கேள்விகளை உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பினார், நவம்பர் 20 அன்று ஐந்து நீதிபதி அமர்வு, ஆளுநருக்கு நீதிமன்றம் காலக்கெடு விதிக்க முடியாது என்று கருத்து சொன்னது. சரி, 142 வேறு எங்கே வந்தது? பேரறிவாளன் விடுதலை, 2022 மே 18. இப்படி ஒரு செய்தியிலிருந்து ஏழெட்டு கேள்வி நீயே தயார் செய்யலாம். வாரத்துக்கு நாலு செய்தி போதும், டிசம்பருக்குள் நூறு ஆகிவிடும்.

ஆகஸ்டிலிருந்து வாரத்துக்கு ஒரு மாக், அக்டோபருக்கு மேல் இரண்டு. ஞாயிறு மதியம் 2 மணிக்கு எழுது, சாப்பிட்ட தூக்கம் கண்ணைச் சொக்கும்போது எழுது, ஏனென்றால் உண்மையான பரீட்சையும் 2 முதல் 4 வரைதான். எழுதியதைவிட இரண்டு மடங்கு நேரம் திருத்த ஆகணும். ஒவ்வொரு தவறுக்கும் பக்கத்தில் காரணம் எழுது: வரியைத் தவறாகப் படித்தேன், இரண்டு விடைக்கு நடுவில் தடுமாறினேன், அவசரத்தில் அடித்தேன். என்னுடைய நோட்டில் பாதிக்குமேல் முதல் காரணம்தான் இருந்தது. "தவறானது எது" என்று கேட்டதைச் "சரியானது எது" என்று படித்துத் தொலைத்த மார்க்கை எண்ணினால் இப்போதும் வயிறு எரிகிறது.

நான் எழுதியது 2023 டிசம்பர் 3. சென்னைக்காரர்களுக்குத் தேதியைச் சொன்னாலே போதும், மிக்ஜாம் புயல். 150 கேள்வி 120 ஆனதும் அந்தப் பரீட்சையில்தான். ஹாலில் ஜன்னல் கதவு அடித்துக்கொண்டே இருந்தது, பக்கத்தில் ஒரு பையன் நனைந்த சாக்ஸோடு உட்கார்ந்து நடுங்கிக்கொண்டே எழுதினான். அன்றிரவு பிடித்த மழையில் எங்கள் தெருவில் மூன்று நாள் கரண்ட் இல்லை, ஆன்சர் கீ வந்த விஷயமே எனக்குத் தாமதமாகத்தான் தெரியும். டிசம்பர் என்பதால் சொல்கிறேன், ஹால் டிக்கெட்டை பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு போ, இரண்டு பால்பாயின்ட் பேனா வைத்துக்கொள்.

பாரிமுனை ஜூனியர்

தங்கச்சி, அந்தப் பொண்ணு சொன்னதெல்லாம் சரி, ஆனால் கிளாட் எழுதினால்தான் வக்கீல் ஆக முடியும் என்று நினைத்துக்கொண்டு பன்னிரண்டாவது மார்க்கைக் கோட்டை விட்டுவிடாதே. இதைத்தான் யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள், கோச்சிங் சென்டர்காரன் சொல்லவே மாட்டான்.

தமிழ்நாட்டில் அரசு சட்டக் கல்லூரிகளுக்கு நுழைவுத் தேர்வே கிடையாது. அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் பன்னிரண்டாவது மார்க்கை வைத்து ரேங்க் போட்டு கவுன்சலிங் நடத்துகிறது. 69 சதவீத இட ஒதுக்கீடு உண்டு. பல்கலைக்கழகத்தின் சொந்தப் பள்ளியான சீர்மிகு சட்டப் பள்ளிக்கும் மார்க்தான், அங்கே கட் ஆஃப் எகிறும். அரசுக் கல்லூரியில் கட்டணம் உன் அப்பாவுக்குத் தாங்கும். தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் ஆண்டுக்கு லட்சக்கணக்கில் போகும், கடன் உதவித்தொகை எல்லாம் இருக்கிறது, ஆனாலும் சீட் கிடைத்த பிறகு மலைப்பதைவிட இப்போதே வீட்டில் பேசி வைப்பது நல்லது. இன்னொன்று, ஆறாவதிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, 2021 சட்டத்தில் சட்டப் படிப்பும் சேர்ந்திருக்கிறது. நீ எந்த ஸ்கூல்?

நான் புதுப்பாக்கம் கல்லூரி. 1891ல் ஆரம்பித்த கல்லூரி, எங்கள் சீனியர்கள் எல்லாம் ஹைகோர்ட் வளாகத்துப் பழைய சிவப்புக் கட்டிடத்தில் படித்தவர்கள், எங்கள் செட்டுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, ஊருக்கு வெளியே தள்ளிவிட்டார்கள். ஆனால் இன்றைக்கு என் சேம்பரில் பெங்களூரு தேசிய சட்டப் பள்ளியில் படித்துவிட்டு வந்தவரும் நானும் ஒரே மேஜையில்தான் வாய்தா வாங்கிக்கொண்டிருக்கிறோம். ஏஐபிஇ எனும் அகில இந்திய பார் தேர்வை அவரும் எழுதினார், நானும் எழுதினேன். பெரிய கம்பெனி வேலை, கார்ப்பரேட் என்றால் அந்தக் கல்லூரிகளுக்கு மவுசு அதிகம், இல்லை என்று சொல்லவில்லை. உனக்கு நோட்டீஸ் அனுப்பி அட்வான்ஸ் வாங்கிக் கொடுக்கிற வக்கீலாக ஆகணும் என்றால் இரண்டு வழியும் அங்கேதான் வந்து சேரும்.

கிளாட்டுக்குக் கேட்கிற குறைந்தபட்சம் பன்னிரண்டாவதில் 45 சதவீதம், அதை நீ எப்படியும் தாண்டிவிடுவாய். பிரச்சினை அது இல்லை. கிளாட் டிசம்பரில் முடிகிறது, பப்ளிக் மார்ச்சில். நடுவில் இருக்கிற மூன்று மாதத்தை "ரிசல்ட் சரியில்லையே" என்று அழுதே கழித்த பசங்களைப் பார்த்திருக்கிறேன்.

லோகோ ஸ்டேஷன்

அக்கா, அண்ணா, ரொம்ப நன்றி. நுழைவுத் தேர்வு இல்லாமலே சேரலாம் என்பது எனக்கு நிஜமாகவே தெரியாது. அம்மாவிடம் சொன்னேன், அவங்க முகம் மாறினதைப் பார்க்கணுமே.

நான் ஆறாவதிலிருந்து அரசு உதவி பெறும் பள்ளி. அதற்கு 7.5 கிடையாதாம், விசாரித்துவிட்டேன். கார்ப்பரேஷன் பள்ளி எங்கள் வீட்டுக்கு இன்னும் பக்கத்தில்தான் இருக்கிறது, சரி விடுங்க.

இன்றைக்கு ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தேன், நிமிடத்துக்கு 138 சொல். வீட்டில் டிவி சத்தத்தில் படிக்கவே முடியவில்லை. அப்புறம் லீகலில் நிச்சயம் என்று நினைத்தது ஏன் தவறாகிறது என்று யாராவது சொல்லுங்களேன்.

லஸ் டீச்சர்

மயிலாப்பூரில் வீட்டிலேயே ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறேன், ஏழெட்டு வருடமாகக் கிளாட் பிள்ளைகளும் வருகிறார்கள். டிவி சத்தத்துக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். சனி, ஞாயிறு பெரம்பூரில் லோக்கல் ஏறி சென்ட்ரலில் இறங்கி, எதிரே பார்க் டவுனில் பறக்கும் ரயில் பிடித்தால் கோட்டூர்புரம், அங்கிருந்து அண்ணா நூலகம் நடக்கிற தூரம். சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கத் தனிப் பகுதி இருக்கிறது. காலையிலேயே போய்விடு, யுபிஎஸ்சி பிள்ளைகள் இடம் பிடித்துவிடுவார்கள்.

லீகலுக்கு வருகிறேன். இந்தப் பகுதிக்குச் சட்டம் தெரிந்திருக்க வேண்டியதில்லை, தெரிந்திருந்தால் சில நேரம் அதுவே குழி. பேசேஜில் ஒரு விதி சொல்வார்கள், கேள்வியில் ஒரு சம்பவம் சொல்வார்கள், அந்த விதியை இந்தச் சம்பவத்தின் மேல் வைக்க வேண்டும், அவ்வளவுதான். நம் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்றால் சம்பவத்தைப் படித்ததும் "ஐயோ பாவம்" என்று ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள், அப்புறம் அந்தப் பக்கத்துக்கு விடை தேடுகிறார்கள். உனக்கு வீட்டு ஓனர் கதை இருக்கிறது, வாடகைதாரர் பற்றிய கேள்வி வந்தால் நீ யார் பக்கம் போவாய் என்று எனக்கே தெரியும்.

ஆடி வரப்போகிறது, அதை வைத்தே ஒன்று தருகிறேன், போட்டுப் பார்.

விதி இதுதான். கடையில் ஒரு பொருளை விலைச்சீட்டோடு வைப்பது விற்பதற்கான முன்மொழிவு ஆகாது, "வந்து கேளுங்கள்" என்ற அழைப்பு மட்டுமே. வாங்குகிறவர் கேட்பதுதான் முன்மொழிவு, கடைக்காரர் அதை ஏற்றால்தான் ஒப்பந்தம். ஆனால் ஒரு விளம்பரம் எந்தப் பொருள், என்ன விலை, எத்தனை பேருக்கு, அவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று எதையும் பாக்கி வைக்காமல் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டால் அந்த விளம்பரமே முன்மொழிவு ஆகிவிடும். அதில் சொன்னதைச் செய்தவர் அதை ஏற்றவர் ஆவார். ஏற்ற பிறகு கடைக்காரர் புது நிபந்தனை சேர்க்க முடியாது.

முதல் சம்பவம்: தி. நகரில் ஒரு கடை, கண்ணாடிக்குள் ஒரு பட்டுச் சேலை, சீட்டில் 499 ரூபாய். உண்மையான விலை 4,999, ஊழியர் ஒரு 9ஐ விட்டுவிட்டார். ஒரு அம்மா கவுன்டருக்கு எடுத்துப் போய் 499 நீட்டுகிறார், காசாளர் மறுக்கிறார். கடை கொடுத்தே ஆகணுமா?

இரண்டாவது: "ஆடி முதல் வெள்ளி காலை 9 மணிக்குக் கடை திறக்கும்போது வரிசையில் நிற்கும் முதல் 50 பேருக்கு, படத்தில் உள்ள சேலை ஆளுக்கு ஒன்று, 99 ரூபாய்" என்று விளம்பரம். ஐம்பதாவதாக நின்றவர் ஒரு ஆண், அம்மாவுக்காக வந்தவர். "இது பெண்களுக்கு மட்டும், எங்கள் கடை வழக்கம்" என்கிறார்கள். கொடுத்தே ஆகணுமா?

மூன்றாவது: "ஆடித் தள்ளுபடி! சேலைகள் 99 ரூபாய் முதல்!" என்று பேனர். ஒரு பாட்டி பஸ் ஏறி வந்து பார்க்கிறார், உள்ளே 350க்குக் கீழே ஒன்றுகூட இல்லை. 99க்கு ஒன்று கொடு என்கிறார். கொடுத்தே ஆகணுமா?

விடையோடு, பேசேஜின் எந்த வாக்கியத்தை வைத்துச் சொல்கிறாய் என்பதையும் எழுது. காட்ட வாக்கியம் இல்லையென்றால் அந்த விடையைப் போடாதே. மாக்கிலும் பென்சிலால் அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்துப் பழகு, முதலில் நேரம் பிடிக்கும், செப்டம்பருக்குள் கை தானாகப் போகும்.

முதல் சம்பவம் நான் சும்மா கட்டியது இல்லை. இங்கிலாந்தில் பிரிஸ்டல் ஊரில் கடை ஜன்னலில் பொத்தானை அழுத்தினால் விரியும் கத்தியை விலைச்சீட்டோடு வைத்த ஒருவர் மேல் அதை "விற்க முன்மொழிந்தார்" என்று வழக்குப் போட்டார்கள், ஜன்னலில் வைப்பது முன்மொழிவு இல்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஃபிஷர் எதிர் பெல், 1961. இதெல்லாம் பரீட்சைக்குத் தேவையில்லை, கதை பிடித்தால் படி.

29சி ஃபுட்போர்டு

ஒரு வருடம் டிராப் எடுத்து இரண்டு தடவை எழுதினவன் என்ற தகுதியில் வருகிறேன்.

முதலில் உன் 41 காலிக் கேள்வி. நாலு விடையில் ஒன்று என்பதால் கண்ணை மூடிக்கொண்டு அடித்தாலும் 41ல் 10 சரி வரும் என்று வை, 31 தவறுக்கு 7.75 போகும், மிச்சம் 2.25. அதாவது குருட்டாம்போக்கில் அடிப்பதால் பெரிய லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. ஆனால் இரண்டு விடையை நிச்சயமாகத் தள்ளிவிட முடிந்தால் கதை வேறு. அப்படிப் பத்துக் கேள்வியில் 5 சரி, 5 தவறு, 5 கழித்தல் 1.25, கையில் 3.75. அதனால் "தெரியாவிட்டால் தொடாதே" என்று யாராவது சொன்னால் கேட்காதே, இரண்டைத் தள்ளிவிட்டாயா, அடி. ஒன்றையும் தள்ள முடியவில்லையா, ஒரு விநாடிகூட நிற்காமல் அடுத்ததுக்குப் போ. நான் முதல் தடவை ஒரே லாஜிக் பேசேஜில் பதினோரு நிமிடம் உட்கார்ந்தேன், ஈகோ.

வட்டம் நிரப்புகிற விடைத்தாளான ஓஎம்ஆரைக் கடைசியில் மொத்தமாக நிரப்பலாம் என்று வைக்காதே. பேசேஜ் முடிய முடிய ஐந்தைந்தாக நிரப்பு. பேனாவில் நிரப்பினதை அழிக்க முடியாது, ஒரு வரிசை தள்ளிப் போட்டால் அவ்வளவுதான்.

கணக்கு இல்லை என்று பயப்படாதே. 10 முதல் 14 கேள்விதான், சதவீதம், விகிதம், சராசரி, பத்தாவது புத்தகம் போதும். பெரும்பாலானவர்கள் அதைக் கடைசியில் வைத்துத் தொடாமலே வருகிறார்கள், நீ ஒரு பன்னிரண்டு நிமிடம் அதற்கென்று எடுத்து வை.

டெல்லி தேசிய சட்டப் பல்கலைக்கழகத்துக்குத் தனியாக ஐலெட் எழுதணும், கிளாட் அதற்குச் செல்லாது. இந்த மூன்று வருடமாகக் கிளாட்டுக்கு அடுத்த வாரம் வருகிறது. அங்கே 120 நிமிடத்தில் 150 கேள்வி, ஆங்கிலம் 50, ஜிகே 30, லாஜிக் 70. ஃபீஸும் தனி. முதல் வருடம் அதில் பணம் போடாதே என்றுதான் சொல்வேன், நவலூர் அக்கா ஒத்துக்கொள்ள மாட்டாங்க.

டிராப் பற்றி யாரும் கேட்கவில்லை, இருந்தாலும். வயது வரம்பு இல்லை, எடுக்கலாம். எனக்கு அந்த வருடத்தில் ஏறியது 14 மார்க், இறங்கியது சொந்தக்காரர்கள் கல்யாணத்துக்குப் போகிற தைரியம்.

நவலூர் ஹாஸ்டல்

ஐலெட் எழுதணும் என்றுதான் சொல்வேன். அப்பா கையில் ஃபீஸ் இருந்தால். கிளாட் விண்ணப்பம் ஆகஸ்ட் வாக்கில் திறக்கும், அதற்கே சில ஆயிரம் ஆகும், இப்போதே உண்டியலில் போட ஆரம்பி. வசதி இல்லாத பிள்ளைகளுக்கு இலவசமாகப் பயிற்சி கொடுக்க ஐடியா என்று ஒரு அமைப்பு இருக்கிறது, மறைந்த சட்டப் பேராசிரியர் ஷம்நாத் பஷீர் 2010ல் ஆரம்பித்தது, சட்டக் கல்லூரி மாணவர்கள்தான் சொல்லிக் கொடுப்பார்கள். அவர்களுக்கு எழுதிப் பார். போன வருட வினாத்தாள்கள் கிளாட் நடத்துகிற கன்சார்ட்டியம் இணையதளத்திலேயே கிடைக்கும், அதற்குக் காசு கேட்டால் கொடுக்காதே.

லோகோ ஸ்டேஷன்

டீச்சர், மூன்று நாள் யோசித்தேன். பதில்:

முதலாவது, கொடுக்க வேண்டாம். முதல் வாக்கியம், விலைச்சீட்டு அழைப்பு மட்டும்தான். அந்த அம்மா 499 நீட்டினது முன்மொழிவு, காசாளர் ஏற்கவில்லை. அந்த அம்மாவைப் பார்த்துப் பாவமாக இருந்தது, ஆனாலும் எழுதிவிட்டேன்.

இரண்டாவது, கொடுத்தே ஆகணும். பொருள், விலை, 50 பேர், வரிசையில் நிற்கணும், எல்லாமே சொல்லிவிட்டார்கள். அவர் நின்றுவிட்டார், அதாவது ஏற்றுவிட்டார். பெண்களுக்கு மட்டும் என்பது அப்புறம் சேர்த்தது.

மூன்றாவது, கொடுத்தே ஆகணும். பொய் விளம்பரம் கொடுத்து வரவழைத்திருக்கிறார்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019ல் தவறாக வழிநடத்தும் விளம்பரம் கூடாது என்று இருக்கிறது, நான் படித்திருக்கிறேன்.

லஸ் டீச்சர்

முதல் இரண்டும் சரி, வரியையும் சரியாகக் காட்டியிருக்கிறாய்.

மூன்றாவதில் உன் 27 தவறு எங்கிருந்து வந்தது என்று தெரிகிறது. நான் கொடுத்த விதியில் நுகர்வோர் சட்டம் எங்கே இருக்கிறது? நீயே கொண்டுவந்தாய். முதல் இரண்டுக்கும் வாக்கியம் காட்டினவள் இதற்குக் காட்டவில்லை, கவனித்தாயா? பேசேஜுக்குத் திரும்பிப் போ. எந்தச் சேலை? சொல்லவில்லை. எத்தனை? சொல்லவில்லை. யாருக்கு, என்ன செய்தால்? அதுவும் இல்லை. "99 முதல்" என்பது திட்டவட்டம் ஆகாது, அதனால் அழைப்புதான், கொடுக்க வேண்டியதில்லை. நாலு விடைகளில் "கொடுக்க வேண்டும், ஏனெனில் விளம்பரம் ஏமாற்றுவது" என்று ஒன்று கட்டாயம் இருக்கும், அதைப் படித்ததும் மனசுக்கு நிம்மதியாக இருக்கும், அதைத்தான் போட்டிருப்பாய்.

இந்த வாரம் பழைய தாளில் லீகல் பகுதியை மட்டும் எடுத்து, தவறான விடை ஒவ்வொன்றுக்கும் நீ வெளியிலிருந்து எதைக் கொண்டுவந்தாய் என்று எழுதி இங்கே போடு.

பாரிமுனை ஜூனியர்

நேரில் அந்தப் பாட்டி என்னிடம் வந்தால் நான் நுகர்வோர் ஆணையத்துக்குத்தான் போவேன், தங்கச்சி சொன்ன அதே சட்டத்தோடு. அஞ்சு வருஷம் கழிச்சு வா, சேர்ந்து போடலாம். டிசம்பரில் மட்டும் டீச்சர் சொன்ன மாதிரி எழுதிட்டு வந்துடு.

லோகோ ஸ்டேஷன்

சரிண்ணா. டீச்சர், ஞாயிற்றுக்கிழமை கோட்டூர்புரம் போகிறேன், அங்கேயே உட்கார்ந்து போட்டுவிட்டு எழுதுகிறேன். இன்றைக்கு 144.